சத்ரியா ஜி.டி.ஐ: பழைய பெயருக்கு மறுபிறவி தேவையா?

கமுந்திங்கிலோ தைப்பிங்கிலோ வளர்ந்தவரா நீங்கள்? அப்படியென்றால் இந்தக் காட்சியைக் கட்டாயம் பார்த்திருப்பீர்கள். ஒர்க்‌ஷாப் வாசலில் மூன்று கதவு சத்ரியா ஒன்று நிற்கும். போனெட் திறந்திருக்கும். சுற்றி நான்கு இளைஞர்கள். அந்தக் காடி தொழிற்சாலையைவிட்டு வெளியே வந்தபோது அவர்களில் பாதிப் பேர் பிறந்தே இருக்கமாட்டார்கள்.

சத்ரியா என்ற பெயரில் புரோட்டோன் கார் தயாரித்து பத்து வருடம் ஆகிவிட்டது. ஆனாலும் புரோட்டோன் புதிய மாடல் எதை அறிமுகம் செய்தாலும் காடிப் பிரியர்கள் கேட்பது ஒன்றுதான்: "சத்ரியாவை எப்போ திரும்பக் கொண்டு வரப்போறீங்க?"

கேட்பது நியாயமா? கொண்டு வந்தால் யாருக்கு லாபம்? கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம்.

அமெரிக்காவில் பிறந்த சூத்திரம்

'மஸல் கார்' என்ற சொல்லைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1964-ல் பொன்டியாக் நிறுவனம் நடுத்தர அளவுள்ள டெம்பெஸ்ட் காருக்குள், பெரிய கார்களுக்கென்று இருந்த 6.4 லிட்டர் வி8 எஞ்சினை வைத்தது. ஜி.டி.ஓ என்று பெயரிட்டது. சாதாரண உடல், மிதமிஞ்சிய எஞ்சின், இளைஞர் கைக்கு எட்டும் விலை. அவ்வளவுதான் சூத்திரம். அதைப் பார்த்து மற்ற நிறுவனங்களும் களத்தில் இறங்கின. பத்து வருடத்துக்குள் ஆட்டம் அடங்கியது. காப்புறுதிக் கட்டணம் ஏறியது, புகைக் கட்டுப்பாட்டுச் சட்டங்கள் வந்தன, 1973-ல் எண்ணெய் நெருக்கடியும் சேர்ந்துகொண்டது.

மலேசியாவில் யாரும் வி8 செய்யவில்லை. ஆனால் அதே சூத்திரம் இங்கேயும் ஒருமுறை எட்டிப்பார்த்தது.

சத்ரியா 1994-ல் வந்தது. மிட்சுபிஷி கோல்ட் காரை அடிப்படையாகக் கொண்ட மூன்று கதவு ஹேட்ச்பேக். 1.3 லிட்டர் எஞ்சின் கொண்டதுகூட இருந்தது, சாதுவான காடி. 1996-ல் புரோட்டோன் பிரிட்டனின் லோட்டஸ் நிறுவனத்தை வாங்கியது. 1990களின் கடைசியில் ஜி.டி.ஐ வெளியானது. 1,834 சிசி எஞ்சின், சுமார் 140 குதிரைத்திறன், ரெக்காரோ இருக்கைகள். எடையோ ஒரு டன்னைச் சற்றே தாண்டும். சஸ்பென்ஷனைச் சீர்செய்தது லோட்டஸ். அதைச் சொல்லும் சின்னமும் காரிலேயே ஒட்டியிருந்தது. ஒரு மலைப்பாதை வளைவில் அதை ஓட்டியவர்களிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள், சீக்கிரம் விடமாட்டார்கள்.

இடையில் ஒரு சின்ன விஷயம். அந்தக் காலத்துப் புரோட்டோன் பெயர்களைத் தமிழ்க் காதால் கேட்டிருக்கிறீர்களா? சத்ரியா என்றால் சத்திரியன். வீரா என்றால் வீரன். புத்ரா, புத்திரன். பெர்டானாவுக்குள் இருப்பது பிரதானம். எல்லாம் சமஸ்கிருதத்திலிருந்து மலாய்க்குப் போனவை. சாகா மட்டும் வேறு: அது ஒரு மரத்தின் சிவப்பு விதை. நம் ஊர்ப் பெரியவர்கள் ஆனைக்குன்றிமணி என்பார்கள். கமுந்திங்கும் ஒரு செடியின் பெயர்தான் என்பதால், சாகாவும் கமுந்திங்கும் ஒருவகையில் சொந்தம் என்று வைத்துக்கொள்ளலாம்.

தோட்டத்திலிருந்து தொழிற்பேட்டைக்கு

பேராக்கின் ரப்பர் தோட்டங்கள் துண்டாடப்பட்டு, செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறியபோது, அங்கிருந்த குடும்பங்கள் பல கமுந்திங் போன்ற தொழிற்பேட்டை ஊர்களுக்கு வந்து சேர்ந்தன. பலருக்கு முதல் காடி செகண்ட் ஹேண்ட் சாகா. தோட்டத்து லாரியையும் கம்பெனி பஸ்ஸையும் நம்பியிருந்தவர்களுக்கு, நினைத்த நேரத்தில் மருத்துவமனைக்கும் கோயிலுக்கும் போக முடிந்தது ஒரு பெரிய மாற்றம். அடுத்த தலைமுறை கேட்டது வீராவும் சத்ரியாவும்.

ஆனால் ஒன்றைச் சொல்லியாகவேண்டும். ஜி.டி.ஐ அன்றைக்கே விலை கூடின காடி. தொழிற்சாலை சம்பளத்தில் புதிதாக வாங்கியவர்கள் மிகக் குறைவு. பிறகு எப்படி இத்தனை 'ஜி.டி.ஐ' ரோட்டில் ஓடுகின்றன? விடை: ஹாஃப்-கட். ஜப்பானில் ஓடி முடித்த கார்களின் முன்பாதியை வெட்டி, எஞ்சின், கியர்பாக்ஸ், ஒயரிங் எல்லாவற்றோடும் இங்கே இறக்குமதி செய்வார்கள். 1.3 சத்ரியா ஒன்றை வாங்கி, 4ஜி93 எஞ்சினை அதில் பொருத்துவார் நம் ஃபோர்மன். கஞ்சிலுக்குள் டர்போ போனதும், வீரா ஒன்று மிட்சுபிஷி எவோ மாதிரி வேஷம் போட்டதும் இதே வழியில்தான்.

அதனால் சத்ரியா என்ற பெயருக்குள் இரண்டு நினைவுகள் இருக்கின்றன. ஒன்று புரோட்டோன் செய்தது. இன்னொன்று ஒர்க்‌ஷாப்பில் கையைக் கறுப்பாக்கிக்கொண்டு நம் ஆட்கள் செய்தது. இரண்டாவதுதான் பெரியது என்பது என் கணிப்பு. அதைத் தயாரிப்பாளர் நினைத்தால் திரும்பக் கொண்டுவர முடியுமா?

பெர்டானா சொன்ன பாடம்

புரோட்டோனுக்கு இது முதல் தடவை அல்ல. பெர்டானா 1995-ல் வந்தது. பிறகு அதற்கு 2 லிட்டர் வி6 எஞ்சின் கிடைத்தது. அமைச்சர்களின் கார் என்று பெயர் வாங்கியது. பராமரிப்புச் செலவுக்கும் பெயர் வாங்கியது: 2008-ல் திரெங்கானு அரசாங்கம் பெர்டானாவைப் பராமரித்துக் கட்டுப்படியாகவில்லை என்று சொல்லி 14 மெர்சிடிஸ் கார்களை வாங்கியது பெரிய சர்ச்சையானது.

பெர்டானா நின்றுபோனது. 2013-ல் அதே பெயர் திரும்பி வந்தது, முதலில் அரசாங்கப் பயன்பாட்டுக்கு. உள்ளே இருந்தது ஹோண்டா அக்கோர்ட், அதுவும் முந்தைய தலைமுறையைச் சேர்ந்தது. 2016-ல் பொதுமக்களுக்கும் விற்பனைக்கு விட்டார்கள். நல்ல கார்தான், குறை சொல்ல முடியாது. ஆனால் நான்கு சிலிண்டர். பெர்டானா என்றதும் மக்கள் காதில் ஒலித்த அந்த வி6 சத்தம் இல்லை. சில வருடத்தில் சத்தமே இல்லாமல் மறைந்தது.

"அடுத்தவன் காருக்கு நம்ம பேரை ஒட்டினா இப்படித்தான்" என்று சிலர் சொல்வார்கள். நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். 1985-ல் வந்த முதல் சாகாவே மிட்சுபிஷி லேன்சர் ஃபியோரேதானே? சத்ரியாவும் மிட்சுபிஷிதான். அடிப்படை யாருடையது என்பது பிரச்சினையே இல்லை. வாங்குகிறவர் அந்தப் பெயரிலிருந்து எதிர்பார்ப்பது கிடைக்கிறதா என்பதுதான் விஷயம்.

சாகாவைப் பாருங்கள். 2008-ல் முற்றிலும் புதிய உருவம், 2016-ல் இன்னொன்று. எஞ்சின் மாறியது, தயாரிப்பாளரின் பங்குதாரர்கூட மாறினார். ஆனாலும் மலிவான, குடும்பம் முழுவதும் உட்காரக்கூடிய, எந்த ஊரிலும் ரிப்பேர் செய்யக்கூடிய காடி என்ற எதிர்பார்ப்பைச் சாகா கைவிடவில்லை. அதனால்தான் அதற்கு 'மறுபிறவி' என்ற பேச்சே தேவைப்படவில்லை. பெரோடுவா மைவியும் 2005 முதல் அப்படித்தான். மைவி ஜோக்குகளை உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

சத்ரியாவே ஒருமுறை திரும்பி வந்திருக்கிறது என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். 2006-ன் சத்ரியா நியோ, புரோட்டோன் சொந்தமாக வடிவமைத்தது. வளைவுகளில் அருமையாகப் போகும். அதன் பந்தய வடிவம் 2011-ல் ஆசிய பசிபிக் ராலி பட்டத்தையே வென்றது. ஆனால் கடையில் விற்ற நியோவின் எஞ்சின் 1.6-ஐத் தாண்டவில்லை. ஜி.டி.ஐ வரும், வரும் என்று காத்திருந்தவர்களுக்கு அது வரவே இல்லை. பின் இருக்கையும் நெருக்கடி. 2015-ல் நின்றது.

வெளியே என்ன நடந்தது?

அமெரிக்காவில் இரண்டு விதமாகவும் நடந்திருக்கிறது. 2004-ல் ஜி.டி.ஓ திரும்பியது, ஆஸ்திரேலிய ஹோல்டன் மொனாரோவுக்கு அந்தப் பெயரை வைத்தார்கள். வேகம் இருந்தது, ஆனால் பார்க்க யாரோ ஒருவருடைய ஆபீஸ் கார் மாதிரி இருந்தது. 2006-ல் நின்றது. டாட்ஜ் சாலஞ்சர் 2008-ல் திரும்பியபோது 1970-ன் முகத்தையும் வி8-ஐயும் அப்படியே கொண்டுவந்தது. பதினைந்து வருடம் தாக்குப்பிடித்தது.

இப்போது மின்சாரக் காலம். 2024-ல் ஐரோப்பாவில் ஃபோர்ட் தன் பழைய 'கப்ரி' பெயரை ஒரு மின்சார எஸ்.யு.வி-க்கு வைத்தது. 1970களின் தாழ்வான இரண்டு கதவு கப்ரியை நினைத்திருந்த ரசிகர்கள் கொதித்துப்போனார்கள். டாட்ஜ் தன் சார்ஜரை மின்சாரக் காராக்கி, ஸ்பீக்கர் மூலம் எஞ்சின் சத்தம் எழுப்பிப் பார்த்தது. எல்லாரும் அதில் மயங்கவில்லை. பெட்ரோல் எஞ்சின் சார்ஜரும் பின்னாலேயே வந்தது. இந்தியாவில் டாடா, 1991-ன் மூன்று கதவு சியராவை 2025-ல் ஐந்து கதவாகத் திரும்பக் கொண்டுவந்தது. பழைய சியராவின் அடையாளமான வளைந்த பின்கண்ணாடியை நினைவூட்டும் வடிவத்தை மட்டும் விடாமல் பிடித்துக்கொண்டார்கள். கெட்டிக்காரத்தனம்.

சரி, புரோட்டோன் இன்றைக்குச் செய்ய முடியுமா?

முடியும். 2017 முதல் புரோட்டோனில் 49.9 விழுக்காடு சீனாவின் ஜீலியிடம் இருக்கிறது. லோட்டஸின் பெரும்பங்கும் அதே ஆண்டு ஜீலிக்குப் போனது. ஆக, பழைய கூட்டாளிகள் இன்னும் ஒரே வீட்டில்தான். எஞ்சினும் கையில் இருக்கிறது: 2020-ல் வந்த எக்ஸ்50-ன் 1.5 டர்போ 177 குதிரைத்திறன் தந்தது. குழந்தைகளைப் பள்ளியில் இறக்கிவிடும் எஸ்.யு.வி, அன்றைய ஜி.டி.ஐ-யைவிடப் பலசாலி! தொழிற்சாலையோ நம் பேராக்கிலேயே, கமுந்திங்கிலிருந்து இரண்டு மணி நேரத்தில் போகக்கூடிய தஞ்சோங் மாலிமில்.

விற்பனைதான் சிக்கல். மூன்று கதவு காரை இன்று யார் வாங்குவார்? எல்லாரும் எஸ்.யு.வி பக்கம் போய்விட்டார்கள். அதனால் சத்ரியா திரும்பினால் ஐந்து கதவோடு, கொஞ்சம் உயரமாக, ஒருவேளை பேட்டரியோடு வரத்தான் வாய்ப்பு அதிகம்.

இன்னொன்று, பணம். ஒரு கணக்குக்கு, காரின் விலை 80,000 ரிங்கிட் என்று வைத்துக்கொள்வோம். 90 விழுக்காடு கடன், அதாவது 72,000. நிலையான வட்டி 3 விழுக்காடு, ஒன்பது வருடம். வட்டி மட்டும் 19,440 ரிங்கிட். மாதம் ஏறக்குறைய 847 ரிங்கிட் கட்டவேண்டும். 2025-ல் குறைந்தபட்சச் சம்பளமாக நிர்ணயிக்கப்பட்ட 1,700 ரிங்கிட்டில் இது சரிபாதி. காப்புறுதி, டயர், பெட்ரோல் எல்லாம் தனி. 22 வயதில் கையெழுத்துப் போட்டால் 31 வயதுவரை கட்டவேண்டும். பெயருக்காக மட்டும் இவ்வளவா?

என் கருத்தைக் கேட்டால்: ஒன்றரை லிட்டர் டர்போ, மேனுவல் கியர், உண்மையாகவே லோட்டஸ் கைவைத்த சஸ்பென்ஷன், சாகாவைவிடக் கொஞ்சம் அதிக விலை. இவை நான்கும் ஒன்றாக அமைந்தால் சத்ரியா என்று தாராளமாகப் பெயர் வைக்கலாம். இல்லையென்றால் அந்தப் பெயரை விட்டுவிடுங்கள். எக்ஸ், எஸ் என்று எழுத்துகள் எத்தனையோ இருக்கின்றன. அதைவிட, இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் சத்ரியாக்களுக்கு ரப்பர் புஷ், கதவு பீடிங், விளக்கு போன்ற சாமான்களைப் புரோட்டோனே திரும்பச் செய்து விற்றால் கமுந்திங் ஒர்க்‌ஷாப்களுக்கு அது பெரிய உதவி. ஐரோப்பிய, ஜப்பானிய நிறுவனங்கள் சில தங்கள் பழைய கார்களுக்கு இதைச் செய்கின்றன.

அதுவரை பொறுக்க முடியாது, பழைய ஜி.டி.ஐ ஒன்றையே வாங்கப்போகிறேன் என்கிறீர்களா? முதலில் கெரானைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். எஞ்சின் கொள்ளளவு 1,834 சிசி என்று இருக்கவேண்டும்; எஞ்சின் எண்ணும் சேசிஸ் எண்ணும் காரில் உள்ளதோடு ஒத்துப்போகவேண்டும். எஞ்சின் மாற்றிய காராக இருந்தால் புஸ்பாகோம் சோதனையும் ஜேபிஜே பதிவும் முடிந்திருக்கிறதா என்று கேளுங்கள். முடியவில்லை என்றால் விபத்து நடக்கும் நாளில் காப்புறுதி கைவிரித்துவிடலாம். ரோட்டெக்ஸும் 1.6 வரை உள்ள கார்களைப் போல 90 ரிங்கிட் அல்ல. தீபகற்பத்தில் தனியார் காருக்கான கணக்குப்படி வருடத்துக்கு 297 ரிங்கிட்.