தி வில்லேஜஸ்: கட்டணம் கட்டுபவருக்கு ஓட்டு எங்கே?

ஃப்ளோரிடாவில் சொத்து வரி கட்ட மார்ச் 31 கடைசி நாள். நவம்பரில் கட்டியவர்களுக்கு 4 சதவீதம் தள்ளுபடி கிடைத்தது. அது மாதத்துக்கு ஒரு சதவீதமாகக் குறைந்துகொண்டே வந்து மார்ச்சில் இல்லாமலே போய்விடும். ஏப்ரல் பிறந்தால் அது பாக்கி. ஜூன் முதல் தேதிக்குள் அந்தப் பாக்கி ஏலத்துக்கு வந்துவிடும்.

இந்தக் கெடு நெருங்குவதால், 'தி வில்லேஜஸ்' முதியோர் குடியிருப்பில் வீடு வாங்கிய தமிழர்களிடமிருந்தும், பெற்றோருக்காக அங்கே வீடு பார்க்கும் பிள்ளைகளிடமிருந்தும் கடிதங்கள் குவிகின்றன. வரி பில்லையும், பாண்டையும், நீச்சல் குளம், மன்றம் போன்ற வசதிகளுக்கான மாதாந்திர அமெனிட்டி கட்டணத்தையும் பலர் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். இன்னொரு கட்டுக் கடிதங்கள் வேறு விஷயம் கேட்கின்றன: "ஊர் இவ்வளவு வேகமாகப் பெருகுகிறதே, அங்கே ஏற்கெனவே இருப்பவர்கள் என்ன நினைக்கிறார்கள்?" இரண்டுக்கும் பதில் ஒரே இடத்தில்தான் இருக்கிறது. 55 வயது விதி, கோல்ஃப் வண்டி, சதுக்கத்தில் தினமும் நடக்கும் இலவசக் கச்சேரி பற்றியெல்லாம் விளம்பரமே சொல்லிவிடும். அவற்றை விட்டுவிட்டு நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

எவ்வளவு வேகமான வளர்ச்சி?

2010-க்கும் 2020-க்கும் இடையே அமெரிக்காவில் மிக வேகமாக வளர்ந்த பெருநகரப் பகுதி இதுதான் என்கிறது மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. சுமார் 93,000 பேர் இருந்த இடத்தில் 1,30,000 பேர். 39 சதவீத உயர்வு. 1980-களின் தொடக்கத்தில் இதே இடம் 'ஆரஞ்ச் பிளாசம் கார்டன்ஸ்' என்ற பெயரில் சில நூறு நகரும் வீடுகள் கொண்ட பேட்டை. மிச்சிகனைச் சேர்ந்த தொழிலதிபர் ஹெரால்ட் ஸ்வார்ட்ஸ் தொடங்கியது அது. மகன் கேரி மோர்ஸ் 1983-ல் வந்து சேர்ந்த பிறகு கோல்ஃப் மைதானங்களும் சதுக்கங்களும் முளைத்தன. 1992-ல் இன்றைய பெயர் வந்தது. இன்று லேக், சம்டர், மேரியன் என்று மூன்று கவுன்ட்டிகளில் பரவிக் கிடக்கிறது.

அங்கே இருப்பவர்கள் என்ன சொல்கிறார்கள்?

எந்தப் பக்கத்தில் வீடு என்பதைப் பொறுத்து பதில் மாறும்.

வடக்கே ஸ்பானிஷ் ஸ்பிரிங்ஸ் சதுக்கத்தை ஒட்டிப் பல வருடமாக இருப்பவர்களுக்குக் கூட்டம்தான் முதல் குறை. குளிர்காலத்தில் வடமாநிலங்களிலிருந்து வருகிறவர்களும் சேர்ந்துகொண்டால் உணவகத்தில் இடம் கிடைக்காது, கோல்ஃப் ஆட நேரம் கிடைக்காது, மருத்துவமனை அவசரப் பிரிவில் காத்துக் கிடக்க வேண்டும். 2021-ல் ஆம்புலன்ஸ் வரத் தாமதமாகிறது என்ற கோபம் பெரிதாக வெடித்தது. அடுத்த ஆண்டே அந்தச் சேவையைத் தனியார் நிறுவனத்திடமிருந்து எடுத்து உள்ளூர்த் தீயணைப்புத் துறைகளிடம் ஒப்படைத்தார்கள். எழுபது, எண்பது வயதுக்காரர்கள் வாழும் ஊரில் இதைவிட முக்கியமான சேவை வேறெது?

தெற்கே புதிதாக வந்தவர்களின் பார்வை வேறு. 44-ம் எண் நெடுஞ்சாலைக்கு மேலே கோல்ஃப் வண்டிகளுக்கென்றே பாலம் கட்டியிருக்கிறார்கள். அதைத் தாண்டினால் புது நீச்சல் குளங்கள், புது மைதானங்கள், புது சதுக்கங்கள். வளர்ச்சி இல்லையென்றால் தங்களுக்கு இங்கே வீடே கிடைத்திருக்காது என்கிறார்கள். அது உண்மைதான். வளர்ச்சியால்தான் வீட்டு விலை இறங்காமல் நிற்கிறது, புது மன்றங்கள் உருவாகின்றன, ஆட்டத்துக்கு ஆள் கிடைக்கிறது என்று வடக்கிலும் சொல்பவர்கள் உண்டு. இவர்களை விவரம் தெரியாதவர்கள் என்று தள்ளிவிட முடியாது. துணையை இழந்து தனியாக இருக்கும் ஒருவருக்குப் பக்கத்துத் தெருவில் சீட்டாட நாலு பேர் கிடைப்பது சின்ன விஷயமில்லை.

நடுவில் ஒரு கூட்டம் இருக்கிறது. அவர்களுடைய மனத்தாங்கல்தான் எனக்கு நியாயமாகப் படுகிறது. குடியிருப்பு 44-ம் எண் சாலையோடு நின்றுவிடும் என்று நம்பி வாங்கியவர்கள் அவர்கள். கூட்டத்தைக்கூடப் பொறுத்துக்கொள்வார்கள். வளர்ச்சிக்கான செலவில் எவ்வளவு தங்கள் தலையில் விழுகிறது என்பதும், அதை முடிவு செய்வது யார் என்பதும்தான் அவர்கள் கேள்வி. அதற்குப் பதில் வேண்டுமானால் டிஸ்ட்ரிக்ட் எப்படி இயங்குகிறது என்று தெரிய வேண்டும்.

'டிஸ்ட்ரிக்ட்' என்பது அரசா, கம்பெனியா?

அதிகாரப்பூர்வ விளக்கம்: சிறப்பு நோக்கத்துக்கான உள்ளாட்சி அமைப்பு. இதில் 'உள்ளாட்சி' என்ற சொல்லை அப்படியே எடுத்துக்கொள்ள எனக்குத் தயக்கம் உண்டு.

ஃப்ளோரிடா 1980-ல் 'சமூக மேம்பாட்டு வட்டாரம்' (டிஸ்ட்ரிக்ட்) என்ற அமைப்புக்குச் சட்டம் போட்டது. காலி நிலத்தில் சாலை, குழாய், வடிகால் அமைக்கக் கட்டுமான நிறுவனத்துக்குப் பணம் வேண்டும். நிறுவனம் தன் பெயரில் கடன் வாங்கினால் வட்டி அதிகம். வட்டாரம் என்ற அரசு அமைப்பு கடன் பத்திரம் வெளியிட்டால், முதலீட்டாளருக்குக் கிடைக்கும் வட்டிக்கு மத்திய வருமான வரி இல்லை. அதனால் குறைந்த வட்டிக்கே பணம் புரளும். அந்தக் கடனை வீட்டுக்கு வீடு பிரித்து வாங்குபவர் தலையில் வைப்பார்கள். உங்கள் வரி பில்லில் 'பாண்டு' என்று வருவது அதுதான்.

தொடக்கத்தில் வட்டார வாரியத்தை நில உரிமையாளர்கள் தேர்ந்தெடுப்பார்கள், ஏக்கருக்கு ஒரு ஓட்டு. நிலம் முழுக்க நிறுவனத்திடம் இருப்பதால் வாரியமும் அதன் கையில் இருக்கும். ஆறு ஆண்டுகள் கழிந்து குறைந்தது 250 வாக்காளர்கள் குடியேறிய பிறகு குடியிருப்போர் ஓட்டுப் போடலாம். வில்லேஜஸில் எண் கொடுக்கப்பட்ட வட்டாரங்களில், அதாவது வீடுகள் இருக்கும் வட்டாரங்களில், இது நடக்கிறது. அங்கே வாரியத்தில் குடியிருப்பவர்களே உட்கார்ந்திருக்கிறார்கள்.

ஆனால் மாதாமாதம் அமெனிட்டி கட்டணத்தை வசூலிப்பதும், பல கோல்ஃப் மைதானங்களையும் கேளிக்கை மையங்களையும் வைத்திருப்பதும் அந்த வட்டாரங்கள் இல்லை. அது மைய வட்டாரங்களின் வேலை. வடக்கே வில்லேஜ் சென்டர் வட்டாரம், தெற்கே சம்டர் லேண்டிங் வட்டாரம். இவற்றின் எல்லைக்குள் கடைகளும் அலுவலகங்களும் சதுக்கமும்தான் உண்டு, வீடுகள் இல்லை. வீடு இல்லாத இடத்தில் 250 வாக்காளர்கள் எந்தக் காலத்திலும் சேரப்போவதில்லை. ஆகவே நில உரிமையாளர் ஓட்டுத்தான் என்றைக்கும் செல்லும். யாருடைய ஓட்டுரிமையையும் பறிக்கவில்லை. வாக்காளர் குடியிருக்க முடியாத இடமாகப் பார்த்து எல்லையை வரைந்திருக்கிறார்கள்.

கவலை தருவது அடுத்த கட்டம். நிறுவனம் நீச்சல் குளம், மன்றம், மைதானம் எல்லாம் கட்டுகிறது. பிறகு அவற்றையும், வீட்டுக்காரர்களிடமிருந்து கட்டணம் வசூலிக்கும் உரிமையையும் சேர்த்து மைய வட்டாரத்துக்கு விற்கிறது. வாங்கும் வாரியமும் விற்பவரோடு தொடர்புள்ள நில உரிமையாளர்கள் தேர்ந்தெடுத்ததே. விலையைக் கட்டட மதிப்பை வைத்துப் போடுவதில்லை. இனி வரப்போகும் கட்டணத்தை வைத்துப் போடுகிறார்கள்.

கணக்குப் புரிவதற்காக மட்டும் சில கற்பனை எண்கள். 1,000 வீடுகள், வீட்டுக்கு மாதம் 150 டாலர் என்றால் ஆண்டுக்கு 18 லட்சம் டாலர் வரும். பராமரிப்புக்கு 8 லட்சம் போனால் 10 லட்சம் மிச்சம். 30 ஆண்டுகளுக்கு இப்படி வரும் மிச்சத்தை 6 சதவீத வட்டியில் இன்றைய மதிப்புக்குக் கொண்டுவந்தால் ஏறத்தாழ 1 கோடியே 38 லட்சம் டாலர். குளத்தையும் மன்றத்தையும் கட்ட 40 லட்சம்தான் ஆனது என்று வைத்துக்கொள்ளுங்கள். விலை 1 கோடியே 38 லட்சமாகத்தான் இருக்கும். அந்தத் தொகைக்கு வட்டாரம் பத்திரம் வெளியிட்டு, பணத்தை நிறுவனத்துக்குக் கொடுத்து, 30 ஆண்டுகள் உங்கள் கட்டணத்திலிருந்து கடனை அடைக்கும். உங்கள் வருங்காலக் கட்டணத்துக்கு ஒரு விலை வைத்து, அதை உங்கள் பணத்தாலேயே வாங்கியாகிவிட்டது. இடையில் ஒருவரும் உங்களிடம் ஒப்புதல் கேட்க வேண்டியதில்லை.

இதை அமெரிக்க வருமான வரித் துறையும் கவனித்தது. 2008-ல் வில்லேஜ் சென்டர் வட்டாரத்தின் பத்திரங்களைத் தணிக்கைக்கு எடுத்தது. பொதுமக்களுக்குப் பதில் சொல்லக் கடமைப்படாத அமைப்பு அரசு அமைப்பாகாது, ஆகவே அதன் பத்திரத்துக்கு வரிவிலக்கு கிடையாது என்று 2013-ல் எழுத்திலேயே சொன்னது. மாநிலச் சட்டப்படிதான் எல்லாம் நடந்தது என்றது வட்டாரம். நாடு முழுக்க இதே பாணியில் பத்திரம் வெளியிட்ட அமைப்புகள் அதிர்ந்துபோயின. மத்திய நிதித்துறை 2016-ல் கடுமையான விதிகளை முன்மொழிந்தது. அதே ஆண்டு ஜூலையில் வில்லேஜஸ் தணிக்கை, நடவடிக்கை எதுவும் இல்லாமல் முடித்துவைக்கப்பட்டது. 2017-ல் முன்மொழிந்த விதிகளையும் திரும்பப் பெற்றார்கள். ஆக, வருமான வரித் துறை எழுப்பிய கேள்வி தவறு என்று எங்கும் தீர்ப்பாகவில்லை. பதில் இல்லாமலே அது கைவிடப்பட்டது.

குடியிருப்போர் சும்மா இருந்துவிடவில்லை. வடக்குப் பகுதிக்காரர்கள் தொடுத்த வழக்கு 2008-ல் சமரசத்தில் முடிந்து, ஏறத்தாழ 4 கோடி டாலர் வசதிகளின் பராமரிப்புக்குக் கிடைத்தது. கூடவே, வடக்கின் வசதிகள் பற்றி முடிவெடுக்கக் குடியிருப்போர் அடங்கிய குழுவும் அமைந்தது. தெற்கே இருப்பது ஆலோசனைக் குழு. இறுதி முடிவு வாரியத்துடையது. இன்றைய பெருவளர்ச்சி முழுக்க தெற்கில்தான் என்பதை நினைவில் வையுங்கள்.

நியாயமாக இன்னொன்றும் சொல்ல வேண்டும். சட்டப்படி அரசு அமைப்பு என்பதால் வாரியக் கூட்டத்தில் யாரும் உட்காரலாம். வரவு செலவைக் கேட்டு வாங்கலாம். தனியார் நிறுவனத்திடம் அப்படிக் கேட்க முடியாது. இந்த உரிமையைப் பயன்படுத்துங்கள். ஊரின் பெரிய நாளிதழான 'டெய்லி சன்' குடியிருப்பைக் கட்டும் மோர்ஸ் குடும்பத்துக்கே சொந்தமானது; வளர்ச்சி பற்றிய கணக்கை அதில் மட்டும் படித்து முடிவுக்கு வராதீர்கள்.

2019-ல் வரி ஏன் 25 சதவீதம் ஏறியது?

இது வட்டாரம் போட்டதில்லை. சம்டர் கவுன்ட்டி போட்டது. தெற்கு விரிவாக்கத்துக்கான சாலைகளும் அந்த உயர்வு ஈடுகட்டிய செலவில் அடக்கம். கூட்டம் கூட்டமாகப் போய் எதிர்த்தும் கவுன்ட்டி ஆணையர்கள் வரியை உயர்த்தினார்கள். 2020 தேர்தலில் மக்கள் அதற்குப் பதில் சொன்னார்கள்: பதவியில் இருந்த மூவர் தோற்று, எதிர்ப்பாளர்கள் மூவர் வந்தார்கள். அவர்கள் 2021-ல் புதுக் கட்டுமானத்தின் மீதான சாலைக் கட்டணத்தை 75 சதவீதம் உயர்த்தினார்கள். வளர்ச்சிக்கான செலவை வளர்ப்பவர் ஏற்கட்டும் என்ற எளிய கொள்கைதான் அது. சில மாதங்களில் மாநிலச் சட்டமன்றம், இத்தகைய கட்டணத்தை 50 சதவீதத்துக்கு மேல் உயர்த்துவதற்குத் தடை போட்டது. அதையும் நான்கு ஆண்டுகளுக்குப் பிரித்துத்தான் உயர்த்தலாம். 2021 ஜனவரி முதலே சட்டம் முன்தேதியிட்டு அமலுக்கு வந்ததால், சம்டரின் உயர்வு செல்லாமல் போனது. அந்தப் பகுதிச் சட்டமன்ற உறுப்பினர் அப்போது கட்டுமானக் குழுமத்தோடு தொடர்புடைய நிறுவனத்தில் வேலை பார்த்தவர். புதிய ஆணையர்களில் இருவர், தங்களுக்குள் நடந்த தொலைபேசிப் பேச்சு குறித்துப் பொய் சாட்சி சொன்னதாக வழக்கில் சிக்கிப் பதவியிழந்தார்கள். ஒருவருக்குக் கிடைத்த தண்டனையை மேல்முறையீட்டு நீதிமன்றம் பின்னர் ரத்து செய்தது. போன பதவி போனதுதான்.

மற்ற கேள்விகள்

ஹோம்ஸ்டெட் (சொந்தக் குடியிருப்பு) விலக்கு வாங்கியும் பாண்டு ஏன் குறையவில்லை? பில்லில் மேல்பாதி வீட்டின் மதிப்பை வைத்துப் போடுவது, விலக்கு அதற்கு மட்டும்தான். கீழ்ப்பாதியில் பாண்டும் பராமரிப்பு விதிப்பும் மதிப்பைச் சாராதவை.

விலக்குக்கு விண்ணப்பிக்கக் கடைசி நாள்? மார்ச் 1, வரி கட்டும் கெடுவோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.

அமெனிட்டி கட்டணம் இந்த பில்லில் வருமா? வராது, மாதாமாதம் தனியாக வரும்.

நீச்சல் குளத்துக்கே போகாதவர் அந்தக் கட்டணத்தை நிறுத்தலாமா? முடியாது, அது வீட்டுப் பத்திர நிபந்தனையோடு ஒட்டியது.

பாண்டை ஒரேயடியாக அடைக்கலாமா? அடைக்கலாம், மீதி வட்டி மிச்சமாகும்.

பேரப்பிள்ளைகள் விடுமுறைக்கு வந்து தங்கலாமா? 19 வயதுக்குக் கீழ் என்றால் ஆண்டுக்கு 30 நாள் வரை.

"பாண்டு அடைத்த வீடு" என்று தரகர் சொன்னால் நம்பலாமா? அந்த மனையின் பாண்டு பாக்கியை வட்டார அலுவலகத்தில் எழுத்து மூலம் கேட்டு வாங்குங்கள். பாண்டு முழுக்க அடைந்திருந்தாலும், பராமரிப்பு விதிப்பு ஒவ்வொரு நவம்பரும் தொடர்ந்து வரும்.