விளைவித்தவரே விற்றல்: நேரடி விற்பனையும் அதன் கணக்கும்

அதிகாலையிற் சந்தையிலே கிலோ 100 ரூபாவுக்குத் தாம் கொடுத்த கத்தரிக்காய், அன்று மாலையே ஊர்க்கடையில் 180 ரூபாவுக்கு விற்கப்படுவதைக் கமக்காரர் பலர் கண்டிருப்பர். அப்பொழுது அவர் மனத்தில் ஒரு கேள்வி எழுவது இயல்பே. "நிலத்தை உழுது, நீர் இறைத்து, பசளையிட்டு வளர்த்தவன் நான். இடையிலுள்ள 80 ரூபா எனக்கு ஏன் வரக்கூடாது?" என்பதே அக்கேள்வி. விளைவித்தவர் தம் பொருளைப் பாவனையாளர் கையிலே தாமே கொடுத்து விலை பெறுவதை நேரடி விற்பனை என்கின்றோம். இதனாற் சிறு கமக்காரர் தம் வருவாயைப் பெருக்கலாம். ஆனால், எல்லோருக்கும் எப்பொழுதும் இது இலாபந் தருவதன்று. எப்பொழுது இலாபம், எப்பொழுது நட்டம் என்பதை ஒவ்வொரு கமக்காரரும் தாமே கணக்கிட்டு அறிதற்கு உதவுவதே இத்துண்டுப்பிரசுரத்தின் நோக்கமாகும்.

இடையிலுள்ளவர் செய்யும் வேலை

தோட்டத்திலிருந்து அடுப்படி வரை ஒரு காய் செல்லும் வழி நீண்டது. சேகரிப்போர், தரகர், பாரவண்டிக்காரர், மொத்த வியாபாரி, சில்லறைக் கடைக்காரர் எனப் பலர் கைகளை அது கடக்கின்றது. 1999ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட தம்புள்ளை விசேட பொருளாதார மத்திய நிலையத்துக்குப் பல மாவட்டங்களின் மரக்கறி வந்து சேர்ந்து, அங்கிருந்து மீண்டும் பல மாவட்டங்களுக்குச் செல்கின்றது. இவ்வழியில் ஒவ்வொருவரும் ஒரு வேலையைச் செய்கின்றனர். ஒருவர் பொருளைத் திரட்டுகின்றார். ஒருவர் ஏற்றி இறக்குகின்றார். ஒருவர் காலை முதல் இரவு வரை கடையிற் காத்திருக்கின்றார். அழுகல், நசுங்கல், வாடல் ஆகியவற்றால் வரும் நட்டத்தையும் இவர்களே தாங்குகின்றனர். நம் நாட்டில் மரக்கறி, பழவகைகளில் 30 முதல் 40 வீதம் வரை அறுவடைக்குப் பின் வீணாகின்றது என மதிப்பிடப்பட்டுள்ளது. அவ்வீணும் கடைவிலையில் அடங்கியுள்ளது.

ஆதலால், கமக்காரர் முதலில் மனங்கொள்ள வேண்டியது இதுவே: இடையிலுள்ளவரை நீக்கலாம், அவர் செய்துவந்த வேலையை நீக்க முடியாது. அவ்வேலை கமக்காரர் தலையிலே வந்து விழும். அதனை அவரினும் குறைந்த செலவிற் செய்ய வல்லவருக்கே நேரடி விற்பனை இலாபமாகும்.

எனினும், இடையிற் கழிபவை யாவும் வேலைக்கான கூலி என்று கொள்வதற்கில்லை. யாழ்ப்பாணக் குடாநாட்டுச் சந்தைகளில் நூறு கிலோவுக்குப் பத்துக் கிலோவைக் 'கழிவு' என்று நிறையிற் குறைக்கும் வழக்கம் பற்றிக் கமக்காரர் நெடுங்காலமாக முறையிட்டு வந்துள்ளனர். பாவனையாளருக்கு நிறுத்துக் கொடுக்கும்போது அத்தகைய கழிவுக்கு இடமில்லை.

ஒரு நாட் கணக்கு

நான்கு பரப்பிற் கத்தரி நட்ட ஒருவர் ஒரு நாளில் 100 கிலோ ஆய்ந்தார் எனக் கொள்வோம். கீழ்வரும் விலைகள் கணக்கை விளக்குதற்கு எடுத்துக்கொண்டவையே. தம் ஊர் விலைகளை இட்டு ஒவ்வொருவரும் இதனைத் திரும்பச் செய்து பார்த்தல் வேண்டும்.

மொத்தமாக விற்றால்: கழிவு போக 90 கிலோ, கிலோ 100 ரூபா வீதம் 9,000 ரூபா. வண்டிக்கூலி 500 ரூபா. கையில் மிஞ்சுவது 8,500 ரூபா.

நேரடியாக விற்றால்: நல்ல காய் 75 கிலோ, 180 ரூபா வீதம் 13,500 ரூபா. வாடிய காய் 15 கிலோவை மாலையில் 80 ரூபா வீதம் கொடுக்க 1,200 ரூபா. மீதி 10 கிலோ கழிந்தது. மொத்த வரவு 14,700 ரூபா. வண்டிக்கூலி, இடவாடகை, பை ஆகியவற்றுக்கு 1,500 ரூபா. கையில் மிஞ்சுவது 13,200 ரூபா.

முன்னையதிலும் 4,700 ரூபா கூடுதலாகக் கிடைத்தது. பலர் கணக்கை இவ்விடத்திலேயே நிறுத்திவிடுகின்றனர். ஆனால் காய்களைத் தரம் பிரித்து, கொண்டுசென்று, இருந்து விற்பதற்கு மேலதிகமாக ஒன்றரை ஆள்நாள் சென்றது. நாட்கூலி 2,500 ரூபாவாயின் அதன் பெறுமதி 3,750 ரூபா. அதனையுங் கழித்தால் மெய்யான இலாபம் 950 ரூபாவே.

அதே நாளில் நல்ல விலைக்கு 60 கிலோ மட்டும் விற்று, 15 கிலோ மலிவாகப் போய், 25 கிலோ வீணானால் நிலைமை வேறாகும். வரவு 12,000 ரூபா. செலவு போக 10,500 ரூபா. மொத்த விற்பனையிலும் 2,000 ரூபா கூடுதலாயினும், உழைப்பின் பெறுமதியைச் சேர்க்க 1,750 ரூபா நட்டமே. பதினைந்து கிலோ விற்காமற் போனதுவே இலாபத்தை நட்டமாக்கியது. எனவே, கடையில் என்ன விலை போகின்றது என்பதிலும், எத்தனை கிலோ விற்று முடியும் என்பதே நேரடி விற்பனையில் முதன்மையானது.

குடும்பத்தில் வேறு வேலையில்லாத ஒருவர் விற்பனையைக் கவனித்தால், அந்த 4,700 ரூபாவும் வீட்டுக்கே வருவாயாகும். ஆயினும், வீட்டுப் பெண்கள் வைகறையில் எழுந்து காய் தெரிவதும் கட்டுவதும் உழைப்பே. அதனைக் கணக்கில் எழுதாது விடுவது, நட்டத்தை இலாபமென எண்ணச் செய்யும். விற்கப் போனமையாற் பயிருக்கு நீர் இறைக்கத் தவறினால் அந்த நட்டத்தையும் சேர்த்தே பார்த்தல் வேண்டும்.

எவருக்கு, எப்பொருளுக்கு ஏற்றது

வீட்டார் அன்றாடம் வாங்குவனவும், புதிதாக இருப்பதே சிறப்பாகக் கருதப்படுவனவும் நேரடி விற்பனைக்கு ஏற்றவை. கீரைவகை, வெண்டி, பயிற்றை, கத்தரி, பாகல், முருங்கை, பச்சைமிளகாய், முட்டை, பால், தயிர், வாழைப்பழம் என்பன இவற்றுட் சில. ஒரே வேளையிற் பெருந்தொகையாக அறுவடையாகும் பூசணி, வெங்காயம் போன்றவற்றின் பெரும்பகுதியை மொத்தமாக விற்று, ஒரு சிறு பகுதியை மட்டும் நேரடியாக விற்றல் நன்று.

ஒரே காயைப் பெருக விளைவிப்பவரிலும், ஐந்தாறு வகைகளைச் சிறிது சிறிதாக, பதினைந்து நாட்களுக்கு ஒருமுறை பிரித்து நடுபவருக்கே வாடிக்கைக்காரர் நிலைப்பர். வெள்ளிக்கிழமைகளிலும், கந்தசட்டி, நவராத்திரி போன்ற விரத காலங்களிலும், ஊர்க்கோயிற் திருவிழாக் காலத்திலும் மரக்கறிக்குத் தேவை மிகும். அந்நாட்களை முன்னரே குறித்துக்கொண்டு நடுகையைத் திட்டமிடுதல் வேண்டும்.

விற்கும் வழிகள்

1. தோட்டத்து வாயில்: வண்டிக்கூலி இல்லை, வேலைக்கும் தடையில்லை. ஆனால் மக்கள் போக்குவரத்துள்ள வழியருகே தோட்டம் இருத்தல் வேண்டும்.

2. வீதியோரக் கொட்டில்: கொழும்பு-கண்டி வீதியிற் கஜுகம என்னும் இடம் மரமுந்திரிகைப் பருப்புக்குப் பெயர் பெற்றதற்குக் காரணம், அதே பொருளை விற்போர் பலர் அங்கே ஒருங்கு கூடியிருத்தலேயாம். கொட்டில் அமைக்குமுன் பிரதேச சபையிடமும் வீதிக்குப் பொறுப்பான அதிகார சபையிடமும் அனுமதி பெறுதல் வேண்டும்.

3. கிழமைச் சந்தை: ஒரே நாளிற் கூட்டம் மிகுதி. நாளை முன்கூட்டியே அறிவதால் அறுவடையை அதற்கேற்ப வைத்துக்கொள்ளலாம்.

4. முன்பதிவு விற்பனை: இருபது முப்பது வீட்டாரிடம் முதல்நாள் மாலையே தொலைபேசியிற் கேட்டறிந்து, வேண்டிய அளவு மட்டும் ஆய்ந்து, மறுநாட் காலையிற் கொண்டுபோய்க் கொடுப்பதாகும். விற்காத காயே இல்லாமையால் மேற்கூறிய கணக்கில் வீணாகும் பகுதி இதில் மிகக் குறையும். நகரை அடுத்துள்ள கமக்காரருக்கு இவ்வழி மிகவும் ஏற்றது.

5. உணவுச்சாலை, விடுதி முதலியன: அளவு பெரிது, ஆனால் பணம் பிந்தி வரலாம். கொடுக்கும் நாளையும் பணம் பெறும் நாளையும் எழுத்தில் உறுதி செய்துகொள்ளுதல் வேண்டும்.

நம்பிக்கையே முதல்

மொத்த வியாபாரி காயைப் பார்த்து வாங்குகின்றார். வீட்டார் ஆளைப் பார்த்து வாங்குகின்றனர். ஒருமுறை ஏமாந்தவர் மறுமுறை வாரார். ஆதலின் பின்வருவனவற்றைக் கவனித்தல் வேண்டும்.

வெயில் ஏறுமுன் அறுவடை செய்து நிழலில் வைத்தல் வேண்டும். சாக்கில் அடைத்து மிதித்துக் கட்டாது, கடகத்திலோ பிளாத்திக்குக் கூடையிலோ வைத்துக் கொண்டுசெல்லுதல் வேண்டும். நல்ல காயை மேலும் சொத்தைக் காயை அடியிலும் வைத்தலாகாது. இரண்டாந்தரத்தை இரண்டாந்தரம் என்று சொல்லியே குறைந்த விலைக்குக் கொடுக்கலாம். தராசு அரச முத்திரை பெற்றதாக இருத்தல் வேண்டும்.

எல்லாவற்றிலும் முக்கியமானது பூச்சிநாசினி தெளித்த பயிரின் அறுவடையாகும். போத்தலின் விவரச்சீட்டிற் கூறப்பட்ட நாட்கள் கழியுமுன் காயை ஆய்தல் கூடாது. உண்பவர் யாரென்று இப்பொழுது கமக்காரர் அறிவார். அவ்வீட்டுப் பிள்ளைகளையும் அறிவார். விலை ஏறியிருக்கின்றதென்று இரண்டு நாள் முந்தி ஆய்ந்து கொடுப்பது, நெடுநாள் தேடிய நம்பிக்கையை ஒரே நாளில் இழப்பதாகும்.

கடன் கொடுப்பதிற் கண்டிப்பு வேண்டும். அறிந்தவர்களுக்கே விற்பதால் "நாளை தருகின்றேன்" என்பாரும் அறிந்தவராகவே இருப்பர். ஒரு சிறு கொப்பியிலே கொண்டுசென்றது, விற்றது, திரும்பியது, கழிந்தது, கடன் என ஐந்து நிரல்கள் வரைந்து நாள்தோறும் எழுதி வருக.

தனியே முடியாததைக் கூடிச் செய்தல்

ஒருவர் நாள்தோறும் சந்தையில் இருந்தால் தோட்டம் பாழாகும். ஐந்து கமக்காரர் கூடினால் ஐந்து நாளைக்கு ஒருமுறை மட்டும் ஒருவர் விற்கப் போதல் போதும், ஒரு வண்டிக்கூலி ஐந்தாகப் பிரியும், காய்வகையும் பெருகும். யாழ்ப்பாணப் புகையிலைச் செய்கையாளர், மலையாள நாட்டுக்குச் செல்லும் தம் புகையிலையைத் தாமே விற்பதற்கென 1934ஆம் ஆண்டிற் கூட்டுறவு விற்பனைச் சங்கம் அமைத்தனர். கடல் கடந்த சந்தையையும் கூடி நின்று அணுகலாம் என்பதற்கு அது சான்று. ஆனால் யார் காய் எத்தனை கிலோ, யாருக்கு எவ்வளவு பணம் என்பதை அன்றன்றே எழுதி எல்லோருங் காண வைக்காத கூட்டு நிலைப்பதில்லை.

பெயரால் மயங்கற்க

'நேரடி விற்பனை' என்னும் இதே பெயரால் வேறொன்றும் கிராமங்களுக்கு வருகின்றது. ஒரு கம்பனியின் பொருளை வீடு வீடாகக் கொண்டுசென்று விற்றுத் தரகு பெறுதல் தவறான தொழிலன்று. ஆயினும், பொருளை விற்பதினாலன்றி, ஆட்களைச் சேர்ப்பதினாலே பணம் வரும் என்று கூறும் திட்டங்களும் உள. நகையை அடகு வைத்தும், பயிர்ச்செய்கைக் கடனை எடுத்தும் இவற்றிற் சேர்வோர் மூன்று கேள்விகளை முன்னரே கேட்டல் வேண்டும். வருவாய் பொருளை வாங்குபவரிடமிருந்து வருகின்றதா, புதிதாகச் சேர்பவரிடமிருந்து வருகின்றதா? சேர்வதற்கே பெருந்தொகை கட்ட வேண்டுமா? விற்காத பொருளைத் திருப்பி எடுத்துப் பணந் தருவார்களா?

ஒருவர் ஐவரைச் சேர்க்க, அவ்வைவரும் ஐவ்வைவரைச் சேர்க்க, பத்தாம் படியில் 97 இலட்சத்து 65 ஆயிரம் பேரும், பதினோராம் படியில் 4 கோடியே 88 இலட்சம் பேரும் வேண்டும். 2024ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி இலங்கையின் மொத்தச் சனத்தொகையே ஏறக்குறைய 2 கோடியே 18 இலட்சந்தான். எப்படியில் நின்றாலும் சேர்ந்தவர் ஐவரில் நால்வர் கடைசிப் படியிலேயே இருப்பர். அவர்களுக்குச் சேர்ப்பதற்கு ஆளில்லை. போட்ட பணமும் மீளாது. இத்தகைய கூம்பகத் திட்டங்களை நடத்துவதும் பரப்புவதும், திருத்தப்பட்ட 1988ஆம் ஆண்டின் 30ஆம் இலக்க வங்கித்தொழிற் சட்டத்தின்படி குற்றமாகும். உறவினரைச் சேர்த்துவிடுபவரும் பரப்புபவரே என்பதை மறக்கலாகாது.

தொடங்கும் முறை

விளைவு முழுவதையும் முதல்நாளே நேரடி விற்பனைக்குக் கொண்டுசெல்லற்க. ஐந்தில் ஒரு பங்கைக் கிழமையில் ஒருநாள் மட்டும் கொண்டுசென்று, எட்டுக் கிழமை கொப்பியில் எழுதிப் பார்க்க. உழைப்பின் பெறுமதியுங் கழித்து மிச்சம் நின்றால் அடுத்த போகத்திற் பங்கைக் கூட்டலாம். நில்லாதாயின் வழியை மாற்றலாம். அதுவரை மொத்த வியாபாரியுடன் உள்ள தொடர்பை முறித்தலாகாது. மழைநாளிலும் சந்தையில் காய் குவிந்த நாளிலும் எஞ்சியதை ஏற்பவர் அவரே. அவரிடம் முற்பணம் வாங்கியிருந்தால், அதனைத் தீர்த்த பின்னரே வேறிடத்தில் விற்கத் தொடங்குதல் முறையாகும்.

நடுகைத் திட்டம், அறுவடைக்குப் பின் காய்களைப் பேணும் முறை, விற்பனைக் குழு அமைத்தல் என்பன பற்றி அறிய விரும்புவோர் தம் பகுதி விவசாயப் போதனாசிரியரைக் காண்க. எழுதிய கொப்பியையும் உடன் கொண்டு வருக. அதனை முன்வைத்தே ஆலோசனை கூறுதல் எளிது.