சிற்றூர்ச் சித்திரக்காரர்கள் – 6: கில்கென்னியின் பங்காளிகள்

நம்மூரில் பங்காளி என்றாலே வரப்புத் தகராறுதான் முதலில் நினைவுக்கு வரும். அயர்லாந்தில் ஒரு சின்ன ஊர் ஸ்டூடியோ, நாட்டுக்கு ஒரு பங்காளியைத் தேடித் தேடிச் சேர்த்துத்தான் பிழைத்தது.

சென்ற வாரம் டப்ளினில், டான் ப்ளூத்தின் அனிமேஷன் ஸ்டூடியோ 1995-ல் இழுத்து மூடப்பட்ட இடத்தில் நிறுத்தியிருந்தேன். கம்பெனி போய்விட்டது, ஆனால், அதற்கு ஆள் தேவைப்பட்ட காலத்தில் தொடங்கிய பாலிஃபெர்மட் கல்லூரியின் அனிமேஷன் வகுப்பு நின்றுவிடவில்லை. அங்கே படித்த டாம் மூர், நோரா டூமி, பால் யங் மூவரும் 1999-ல் கடை திறந்தார்கள். பெயர், ‘கார்ட்டூன் சலூன்’. முடிவெட்டும் இடம்போல நம் காதில் விழுகிறது, போகட்டும். கடை போட்ட ஊர் டப்ளின் அல்ல, மூர் வளர்ந்த கில்கென்னி. நோர் ஆறு, கரையில் ஒரு பழைய கோட்டை, இன்றைக்கும் சுமார் 27 ஆயிரம் ஜனம்.

கல்லூரி நாளிலிருந்தே அவர்கள் கையில் ஒரு கதை இருந்தது. டப்ளின் டிரினிட்டி கல்லூரியில் ‘புக் ஆஃப் கெல்ஸ்’ என்று ஒரு சுவடி இருக்கிறது. கன்றுத்தோலில் துறவிகள் எழுதி வரைந்தது, வயது சுமார் 1,200. அதன் பக்கங்களைப் பார்த்தால் நமக்கு அந்நியமாகத் தெரியாது. கோடு கோட்டுக்குள் புகுந்து, வளைந்து, முடிச்சாகி, தொடங்கிய இடத்துக்கே வந்து சேரும். அசல் சிக்குக் கோலம். அந்தச் சுவடியை எழுதும் மடத்தில் வாழும் ஒரு சிறுவன், மைக்குக் காய் தேடி, போகக்கூடாத காட்டுக்குள் போகிறான் என்பது கதை. அந்தக் காய் வேறொன்றுமில்லை, நம் நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் மாசிக்காய்தான். குழந்தைக்கு உரைமருந்து உரசிய பாட்டிகளுக்கு அதன் துவர்ப்பு தெரியும்.

கதை இருந்தது, பணம் இல்லை. சின்ன நாட்டின் திரைப்பட வாரியம் ஒரு முழுநீளப் படத்தின் செலவைத் தனியாகத் தாங்காது. இங்கேதான் பிரான்சின் டிடியே புரூனே வருகிறார். ‘கிரிக்கு’ படத்தைத் தயாரித்த லெ ஆர்மத்தர் நிறுவனத்துக்காரர். பெல்ஜியத்திலிருந்து விவி ஃபிலிம் சேர்ந்தது.

கூட்டுத் தயாரிப்பு என்பது ஆளுக்குக் கொஞ்சம் காசு போடுவது மட்டும் அல்ல. 1992-ல் ஐரோப்பிய நாடுகள் செய்துகொண்ட உடன்படிக்கை ஒன்று உண்டு. அதன்படி மூன்று நாடுகள் சேர்ந்து படம் எடுத்தால், அது மூன்றிலும் உள்நாட்டுப் படம். ஒரே பிள்ளைக்கு மூன்று வீட்டு ரேஷன் கார்டு! ஒவ்வொரு நாட்டு மானியத்தையும் கேட்கலாம். ஆனால், யார் பங்கும் 10 சதவீதத்துக்குக் குறையக்கூடாது, 70-ஐத் தாண்டக்கூடாது (பின்னர் 2017-ல் இதை 5, 80 என்று தளர்த்தினார்கள்). மானியம் தரும் நாடும் சும்மா தராது. ‘என் காசு என் ஊர் ஓவியன் சம்பளமாகப் போகட்டும்’ என்று கேட்கும். ஆகவே படத்தைத் துண்டு போட வேண்டும்: பின்னணி ஓவியம் ஓர் ஊரில், அசைவு ஓர் ஊரில், வண்ணம் இன்னோர் ஊரில்.

துண்டு போட்டதைத் தையல் தெரியாமல் ஒட்டுவது யார் பொறுப்பு? என் கணிப்பில், கெல்ஸ் சுவடியே இந்த விஷயத்தில் அவர்களுக்குக் கைகொடுத்தது. மரம் என்றால் சுருள், மடம் என்றால் வட்டம், ஆழமே இல்லாத தட்டை உலகம் என்று படத்தின் வடிவ இலக்கணம் அத்தனை கறாரானது. புள்ளி வைத்துக் கொடுத்துவிட்டால் கோலத்தை யார் இழுத்தால் என்ன?

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அசைவு வேலையில் கணிசமான பகுதி ஹங்கேரியிலும் பிரேசிலிலும் நடந்தது. அவர்கள் பங்காளிகள் அல்ல, வேலை எடுத்துச் செய்தவர்கள். சென்னை, ஹைதராபாத் ஸ்டூடியோக்காரர்களுக்கு இந்த வித்தியாசம் தெரியும்: செய்து கொடுத்தால் கூலி வரும், உரிமைப் பத்திரத்தில் பெயர் இருந்தால்தான் படம் உன்னுடையது. கில்கென்னிக்காரர்கள் முதல் படத்திலேயே பத்திரத்தின் பக்கம் நின்றுகொண்டார்கள்.

‘தி சீக்ரெட் ஆஃப் கெல்ஸ்’ 2009-ல் பெர்லினில் திரையிடப்பட்டது. செலவு சுமார் 60 லட்சம் யூரோ. வட அமெரிக்க வசூல் 7 லட்சம் டாலரைக்கூட எட்டவில்லை. ஆனால், ஆஸ்கர் பரிந்துரைப் பட்டியலில், 17 கோடி டாலருக்கு மேல் விழுங்கிய பிக்ஸாரின் ‘அப்’ படத்துக்குப் பக்கத்தில் அதன் பெயர் இருந்தது. விருது ‘அப்’புக்குப் போனது, அது வேறு விஷயம்.

அடுத்த படம் ‘சாங் ஆஃப் தி சீ’ (2014). இதில் டென்மார்க், பெல்ஜியம், லக்சம்பர்க், பிரான்ஸ், அயர்லாந்து என ஐந்து வீடு. நோரா டூமியின் ‘தி பிரெட்வின்னர்’ (2017) தாலிபான் கால காபூலில் ஆண் வேடமிட்டுக் குடும்பத்தைக் காப்பாற்றும் சிறுமியின் கதை. நாவலாசிரியர் டெபோரா எல்லிஸ் கனடாக்காரர், ஆகவே பங்காளியும் அங்கிருந்து வந்தார். அதே ஆண்டு, ஒட்டாவாவின் மெர்குரி ஃபிலிம்வொர்க்ஸுடன் சேர்ந்து கில்கென்னியிலேயே ‘லைட்ஹவுஸ்’ என்ற இன்னொரு ஸ்டூடியோ. இதுவரை நாலு முழுநீளப் படம், ஒரு குறும்படம் என ஐந்து ஆஸ்கர் பரிந்துரை. விருது ஒன்றுகூட இல்லை.

அந்த நாலில் எனக்குப் பிடித்தது ‘உல்ஃப்வாக்கர்ஸ்’ (2020). கதை நடக்கும் ஊர் கில்கென்னி, ஆண்டு 1650, இங்கிலாந்தின் குரோம்வெல் படை ஊருக்குள். ஊர்க் காட்சிகளைக் கவனியுங்கள்: மரக்கட்டை அச்சு போல முரட்டுக் கோடுகள், வீடுகளெல்லாம் கூண்டுக் கம்பி. காட்டுக்குள் கதை நுழைந்ததும் கோடு அவிழ்கிறது. உருவத்தைக் கட்ட முதலில் போட்ட பென்சில் வட்டங்களைக்கூட அழிக்காமல் விட்டிருக்கிறார்கள். ஓநாய்ப் பெண் மெய்வ் ஓடும்போது அந்தக் கிறுக்கல்களும் கூடவே ஓடுகின்றன. ஓநாயின் கண்ணால் பார்க்கும் காட்சிகளைக் கணினியில் திட்டமிட்டு, பிறகு காகிதத்தில் கரியாலும் பென்சிலாலும் ஒவ்வொன்றாக வரைந்தார்கள். தன் தெருவைப் பற்றிய படத்தின் உழைப்பில் ஒரு பகுதியை லக்சம்பர்க்குக்காரர்களிடம் நம்பிக் கொடுத்திருக்கிறது இந்த ஊர்.

பின்னால் புது மாதிரிப் பங்காளிகள் வந்தார்கள். ‘உல்ஃப்வாக்கர்ஸ்’ ஆப்பிள் தளத்துக்குப் போனது. ‘மை ஃபாதர்ஸ் டிராகன்’ (2022) நெட்ஃபிளிக்ஸுக்காகவே எடுத்தது, மூலம் 1948-ன் அமெரிக்கச் சிறுவர் நாவல். கண்ணுக்கு அழகுதான். ஆனால், படம் முடிந்தபோது எனக்குக் கில்கென்னி மண் வாசம் வரவில்லை. நாலு நாட்டு மானியத்துக்கு விண்ணப்பம் எழுதி அலைந்த காலத்தில் அந்த வாசம் தூக்கலாக இருந்தது என்பது விசித்திரம்தான்.

இத்தனை பேரில் மூன்று படங்களுக்கு விடாமல் கூட வந்து, பங்காளி என்ற நிலை மாறிச் சம்பந்தியே ஆகிவிட்ட ஒரு நிறுவனம் உண்டு: லக்சம்பர்க்கின் மெலூசின். கோயம்புத்தூர் நகரத்தில் பாதிகூட ஜனம் இல்லாத நாடு அது. அங்கே எப்படி அனிமேஷன் முளைத்தது? அடுத்த வாரம் அந்த வாசலுக்குப் போவோம்.

(தொடரும்)