வெனிஸைப் பிடித்த தாத்தா

மே மாத விடுமுறை வந்தால் எங்கள் கட்டடத்துப் பிள்ளைகள் பந்தும் மட்டையுமாக ஃபைவ் கார்டன்ஸ் பக்கம் கிளம்பிவிடுவார்கள். கிங்ஸ் சர்க்கிள்வாசிகளுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. 2024 மே மாதம் மட்டும் அப்படி இல்லை. ஆறு பிள்ளைகள் எங்கள் வீட்டு ஹாலில், மின்விசிறிக்கு அடியில், கையில் கைபேசியோடு உட்கார்ந்துவிட்டார்கள். செம்பூரிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த என் மகள் வயிற்றுப் பேரன், வயது 13, அடுக்களை வாசலில் நின்று, "தாத்தா, ஏழு பேர் வேணும். ஒரு ஆள் குறையுது. நீங்கதான் ஆஸ்திரியா" என்றான். முப்பத்தைந்து வருடம் வங்கியில் பேரேடு பார்த்தவனுக்கு அன்று ஒரு சாம்ராஜ்யம் கிடைத்தது.

விளையாட்டின் பெயர் டிப்ளமசி. ராஜதந்திரம் என்று சொல்லலாம். ஆலன் கேல்ஹமர் என்ற அமெரிக்கர் 1954-இல் இதை உருவாக்கி, 1959-இல் தம் சொந்தச் செலவில் 500 பிரதிகள் வெளியிட்டார். பிற்காலத்தில் சிகாகோவை அடுத்த ஊரில் தபால்காரராக வேலை பார்த்த மனிதர், 2013-இல் காலமானார். பொருத்தம் பாருங்கள், அவருடைய விளையாட்டை 1963 முதல் தபால் மூலமாகவே பலர் ஆடினார்கள். 1984-இல் கணினிக்கு வந்தது. இப்போது இணையத்தில் ஆடுகிறார்கள். எங்கள் பிள்ளைகள் ஆடிய இணையதளத்தின் பெயர் பேக்ஸ்டாபர், அதாவது முதுகில் குத்துபவர். பெயரைக் கேட்டபோதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

திரையில் 1901-ஆம் ஆண்டு ஐரோப்பாவின் வரைபடம். இங்கிலாந்து, பிரான்ஸ், ஜெர்மனி, இத்தாலி, ஆஸ்திரியா, ரஷ்யா, துருக்கி என்று ஏழு வல்லரசுகள். வரைபடத்தில் 34 மையங்கள். 18-ஐப் பிடித்தவர் வென்றவர். பகடை கிடையாது, அதிர்ஷ்டம் கிடையாது. ஒரு படைக்கு ஒரு படை சமம். காவல் உள்ள இடத்தைப் பிடிக்க இன்னொரு படையின் துணை வேண்டும். பெரும்பாலும் அந்தத் துணையை அடுத்த நாட்டானிடம்தான் கேட்க வேண்டும். ஆகவே பேச்சு, பேச்சு, பேச்சு. பேசி முடித்தபின் ஒவ்வொருவரும் தம் கட்டளைகளை ரகசியமாக எழுதிவிட, எல்லாம் ஒரே நேரத்தில் வெளியாகும். பேசியபடி எழுத வேண்டும் என்று விதி ஏதும் இல்லை. வள்ளுவர் தூதுக்கு ஓர் அதிகாரம், ஒற்றாடலுக்கு ஓர் அதிகாரம், கூடா நட்புக்கு ஓர் அதிகாரம் வைத்தாரே, அந்த மூன்றும் எங்கள் ஹாலில் பாய் விரித்து உட்கார்ந்திருந்தன.

பேரன் இத்தாலி. என் டிரியெஸ்ட்டும் அவன் வெனிஸும் ஒன்றையொன்று உரசிக்கொண்டிருக்கும் ஊர்கள். நாங்கள் கூட்டுச் சேர்ந்தால் துருக்கியைத் தடுக்கலாம். ஆனால் இரண்டு அறை வீட்டில் ரகசியம் பேசுவது எப்படி? எந்நேரமும் ஏதாவது ஒரு நாட்டுத் தூதர் சோபாவில் உட்கார்ந்து சீடை தின்றுகொண்டிருப்பார். கைபேசியை எட்டிப் பார்க்கவும் ஆள் உண்டு. மற்ற ஐந்து பேரில் இருவர் குஜராத்திப் பிள்ளைகள். மூவர் தமிழ்ப் பிள்ளைகள். அந்த மூவரும் தமிழ் பேசுவார்கள், படிக்கத் தெரியாது.

அப்போதுதான் பேரனுக்கு அந்த யோசனை வந்தது. "தாத்தா, தமிழ்ல எழுதினா இவங்க யாருக்கும் புரியாது இல்ல?"

வாசகர்கள் வீட்டிலும் இதே கதைதான் என்பதால் சொல்கிறேன். இரண்டு வருடமாக அந்தப் பையனுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்கப் பார்த்துத் தோற்றவன் நான். பலகை வாங்கினேன், அரிச்சுவடி வாங்கினேன், ஐஸ்கிரீம் ஆசை காட்டினேன். ஒன்றும் நடக்கவில்லை. இப்போது ராத்திரி பதினொரு மணிக்கு உட்கார்ந்து, "ழ எப்படிப் போடணும்? டிரியெஸ்ட்டுக்கு எந்த ட?" என்று கேட்கிறான்! பத்தே நாளில் துண்டுச் சீட்டுகள் போகவர ஆரம்பித்தன. காபி டம்ளருக்கு அடியில் ஒன்று, என் மூக்குக்கண்ணாடிக் கூட்டில் ஒன்று. 'நாலை கப்பல் போகும்' என்று ஒரு சீட்டு வந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ஆட்டத்தில் 1903-ஆம் ஆண்டு வந்தது. வெனிஸில் இருந்த படையை வடக்கே அனுப்ப நினைத்த பேரன், 'வெனிஸ் காலி. நீங்க வர மாட்டீங்களே?' என்று எழுதிக் கேட்டான். 'வர மாட்டேன். தாத்தா' என்று எழுதிக் கொடுத்தேன்.

இலையுதிர்காலக் கட்டளை எழுதும் நேரம். காவலில்லாத வெனிஸ் என் பக்கத்தில் கிடக்கிறது. என் மையங்கள் ஐந்து. ஒரு விரலை அசைத்தால் ஆறு. அசைத்துவிட்டேன்.

மறுநாள் காலை முடிவு வெளியானபோது ஹாலில் ஒரே கூச்சல், கைதட்டல். தாத்தா முதுகில் குத்திவிட்டார் என்று குஜராத்திப் பையன் எனக்குக் கை கொடுத்தான். பேரன் மட்டும் எதுவும் சொல்லவில்லை. எல்லோரும் போனபின், "இது விளையாட்டுதானேடா கண்ணா, விதியிலேயே இடம் இருக்கே" என்றேன்.

"விதி எனக்கும் தெரியும் தாத்தா. ஆனா நீங்க கையால எழுதிக் கொடுத்தீங்களே" என்றான்.

அன்றோடு சீட்டுகள் நின்றன. என்னிடம் ஹிந்தியிலும் இங்கிலீஷிலும் பேச ஆரம்பித்தான். அயோனியக் கடலில் துருக்கியை மறித்து நின்ற அவன் கப்பல்கள் என் பக்கம் திரும்பின. வழி கிடைத்த துருக்கி உள்ளே நுழைந்தது. 1906-இல் ஆஸ்திரியா வரைபடத்தில் இல்லை. துருக்கியாக ஆடிய மூன்றாம் மாடித் தமிழ்ப் பெண் 18 மையங்களோடு ஜெயித்தாள்.

பிற்பாடு இந்த விளையாட்டைப் பற்றித் தேடிப் படித்தேன். 2022 நவம்பரில் மெட்டா நிறுவனம் சிசரோ என்ற செயற்கை நுண்ணறிவை அறிவித்தது. மனிதர்களோடு 40 ஆட்டம் ஆடி, ஒன்றுக்கு மேல் ஆடியவர்களில் முதல் 10 சதவீதத்தில் இடம் பிடித்த இயந்திரம். நேர்மையாகப் பேசும்படி பழக்கியிருப்பதாக உருவாக்கியவர்கள் சொன்னார்கள். ஆனால் 2024-இல் வெளியான ஓர் ஆய்வுக் கட்டுரை அதன் பொய்களை எடுத்துக்காட்டியது. வட கடலில் நுழைய ஜெர்மனியோடு திட்டம் போட்டுவிட்டு, அங்கே யாராவது நுழைந்தால் நான் காப்பாற்றுகிறேன் என்று இங்கிலாந்திடம் சொல்லியிருக்கிறது. எனக்கு ஒரு நொடி ஆறுதலாக இருந்தது. இயந்திரமே செய்கிறதே! ஆனால் அந்த இயந்திரம் மறுநாள் காலையில் இங்கிலாந்துக்கு எதிரே உட்கார்ந்து தோசை சாப்பிட வேண்டியிருக்கவில்லை.

ஜூனில் பள்ளி திறப்பதற்காகப் பேரன் செம்பூருக்குக் கிளம்பினான். பெட்டி கட்டிக்கொண்டிருந்த என் மனைவி அவனுடைய ஜியோமெட்ரி டப்பாவைத் திறந்து காட்டினாள். நான் எழுதிய சீட்டுகள் அத்தனையும் மடித்து அடுக்கியிருந்தன. 'வர மாட்டேன். தாத்தா' மேலேயே இருந்தது. நான் ஒரு புதுச் சீட்டு எடுத்து, 'வெனிஸை எடுத்தது ஆட்டம். எழுதிக் கொடுத்துவிட்டு எடுத்தது தப்பு' என்று எழுதி அதன்மேல் வைத்தேன். பதில் வரவில்லை.

தீபாவளி விடுமுறைக்கு வந்தான். மறுபடி ஏழு பேர், மறுபடி ஹால். இம்முறை அவன் ரஷ்யா, நான் துருக்கி. எங்கள் இருவருக்கும் நடுவில் இருப்பது கருங்கடல். அங்கே யார் கப்பல் போனாலும் சண்டைதான். இருவரும் போவதில்லை என்று வாய்ப்பேச்சாகப் பேசிக்கொண்டோம். இரண்டாம் நாள் காலை என் காபி டம்ளருக்கு அடியில் ஒரு சீட்டு இருந்தது.

'இந்த முறை உன்மையா?'

மூன்று சுழி 'ண' போட்டு, 'உண்மை. தாத்தா' என்று எழுதி, அவன் தோசைத் தட்டுக்கு அடியில் வைத்தேன். அந்த ஆட்டம் முடியும்வரை கருங்கடல் பக்கம் என் கப்பல் போகவே இல்லை. நான்காவதாக வந்தேன்.