33 வருடம் கட்டிய கோவில்

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்குப் போயிருக்கிறீர்களா? இருபது கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி ஏறினால் ஏரி, காபித் தோட்டம், குளிர்காற்று! படகில் ஒரு சுற்று வந்ததும் நாம் எல்லோரும் பஜ்ஜிக் கடைக்குத்தான் ஓடுவோம். அடுத்த முறை போகும்போது அங்குள்ள பழைய தேவாலயம் ஒன்றையும் பாருங்கள். பரிசுத்த திரித்துவ ஆலயம் என்று பெயர். சேர்வராயன் மலையில் வெள்ளைக்காரர்கள் காபித் தோட்டம் போட்ட காலத்தில், 1853-ல் எழுந்தது.

இதே பெயரில் இன்னொரு தேவாலயம் தென்கோடியில் இருக்கிறது. திருநெல்வேலி மாவட்டம் திசையன்விளைக்குப் பக்கத்தில், இடையன்குடியில். (நெல்லைப் பக்கத்தில் கிறிஸ்தவர்களும் 'கோவில்' என்றுதான் சொல்வார்கள்.) ஏற்காட்டு ஆலயம் எழுந்த வருடத்தில் இடையன்குடிக் கோவிலுக்கு அஸ்திவாரம் போட்டு ஆறு வருடம் ஆகியிருந்தது. கட்டி முடிக்க இன்னும் 27 வருடம் பாக்கி!

அந்தக் கோவிலைக் கட்டியவர் ராபர்ட் கால்டுவெல். 1814-ல் அயர்லாந்தில் பிறந்தவர். மதப்பணி செய்வதற்காக 1838-ல் கப்பலேறி சென்னைக்கு வந்தார். பிறகு நீலகிரி வழியாகப் பெரும்பாலும் நடந்தே தெற்கே வந்து, 1841-ல் இடையன்குடியை அடைந்தார். எங்கு பார்த்தாலும் செம்மணல் தேரி, பனைமரம், கொளுத்தும் வெயில். பனையேறிப் பதநீர் இறக்கிக் கருப்பட்டி காய்ச்சிப் பிழைக்கும் ஏழை மக்கள். அங்கே அவர் கிணறு வெட்டினார், மரம் நட்டார், தெருக்களை நேராக அமைத்தார்.

1844-ல் எலைசாவைத் திருமணம் செய்தார். இந்த அம்மையார் வெள்ளைக்காரர்தான். ஆனால் பிறந்தது நம் நாகர்கோவிலில்! அவருடைய அப்பா சார்லஸ் மால்ட் அங்கே பணியாற்றியவர். கால்டுவெல் ஏட்டுத் தமிழைப் படித்துப் படித்துக் கற்றார். எலைசாவுக்கோ குழந்தையிலிருந்தே வீட்டுத் தமிழ் நாக்கில் இருந்தது. ஊர்ப் பெண்களிடம் உட்கார்ந்து பேச அதுதானே வேண்டும்? பெண் பிள்ளைகளுக்கு அவர் பள்ளி நடத்தினார். லேஸ் பின்னக் கற்றுக் கொடுத்தார். கையில் காசு வரும் ஒரு தொழில், பெண்களுக்கென்று கிடைத்தது. கோவிலைவிட இதுவே பெரிய வேலை என்பேன் நான்.

கோவிலுக்கு வருவோம். 1847-ல் அஸ்திவாரம் போட்டார்கள். ஐரோப்பாவில் 'கோதிக்' என்று ஒரு கட்டடப் பாணி உண்டு. ஜன்னல் வளைவுகள் மேலே போய்க் கூர்மையாகச் சேரும், கும்பிட்ட இரு கைகளைப் போல! உள்ளூர்க் கொத்தனார்கள் அப்படி ஒரு வளைவைக் கண்டதே இல்லை. வாயால் சொன்னால் புரியுமா? கால்டுவெல் களிமண்ணைப் பிசைந்து தாமே மாதிரி செய்து காட்டினார். அதைப் பார்த்துப் பார்த்துக் கட்டினார்கள்.

ஏன் இத்தனை வருடம் ஆயிற்று? பனையேறிகளின் ஊரில் பணம் ஏது? நடுவில் உடல்நிலை கெட்டு, 1854-ல் கால்டுவெல் குடும்பத்துடன் இங்கிலாந்து போனார். அங்கே இருந்தபோதுதான், 1856-ல், அவருடைய புகழ்பெற்ற 'திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம்' வெளிவந்தது. தமிழும் தெலுங்கும் கன்னடமும் மலையாளமும் ஒரே குடும்பத்து மொழிகள் என்று விரிவாக விளக்கிய நூல் அது. திரும்பி வந்து பல வருடம் கழித்து, 1876-ல் தென்னாட்டையே உலுக்கிய பெரும் பஞ்சம் வந்துவிட்டது. சோற்றுக்கே வழியில்லாத நேரத்தில் கோவில் எங்கே எழும்பும்?

அவர் எழுதிய எல்லாவற்றையும் ஊர் கொண்டாடியது என்று நினைத்துவிடாதீர்கள். அந்த மக்களைப் பற்றி 1849-ல் அவர் வெளியிட்ட ஒரு புத்தகம் அவர்களையே புண்படுத்தியது. எதிர்ப்பு வலுக்கவே, பிற்காலத்தில் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்.

ஒருவழியாக 1880 ஜூலை 6-ம் தேதி கோவில் திறக்கப்பட்டது. வேலையைத் தொடங்கியபோது 33 வயது இளைஞர். முடித்தபோது வயது 66. எண்ணிப் பாருங்கள், பாதி வாழ்நாள்!

1891 ஆகஸ்ட் 28-ல் கொடைக்கானல் மலையில் கால்டுவெல் காலமானார். அங்கேயே அடக்கம் செய்துவிடவில்லை. மலையிலிருந்து இறக்கி, அத்தனை தூரம் கடந்து இடையன்குடிக்குக் கொண்டுவந்து, அவர் கட்டிய கோவிலுக்குள்ளேயே அடக்கம் செய்தார்கள். எட்டு வருடம் கழித்து எலைசா அம்மையாரும் அங்கேயே அடக்கம் செய்யப்பட்டார். அவர்கள் வாழ்ந்த வீட்டைத் தமிழக அரசு 2011-ல் நினைவு இல்லமாக்கியது.