திராட்சைத் தோட்டத்திற்கேற்ற வகைகளைத் தெரிந்தெடுத்தல்

நெல், சோளம் முதலிய பயிர்களில் விதை தவறினால் நஷ்டம் ஒரு போகத்தோடு நின்றுவிடும். திராட்சை அத்தகையதன்று. கல்தூண் நட்டுக் கம்பியிழுத்துப் பந்தல் போட்ட பின்னர், வகை பொருந்தவில்லையென்று கொடியைப் பிடுங்கியெறிவது எந்தக் குடியானவர்க்கும் எளிதன்று. ஆகையால் குழி தோண்டுமுன்னரே எவ்வகையை வைப்பதென்பதைத் தீர்மானித்துக்கொள்ளுதல் வேண்டும்.

தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்கில் பெரும்பான்மையாகப் பயிராவது பன்னீர்த் திராட்சை. மேனாட்டார் இதனை மஸ்கட் ஹாம்பர்க் என்பர். 2023ஆம் ஆண்டில் இப்பள்ளத்தாக்கின் பன்னீர்த் திராட்சைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. கவாத்து செய்த நான்கு மாத அளவில் பழம் வெட்டுக்கு வந்துவிடும். நன்றாகப் பராமரித்த பந்தலில் ஹெக்டேருக்கு 30 டன் வரை எதிர்பார்க்கலாம். ஆயினும் இதற்கொரு பெருங்குறையுண்டு. பழம் நெடுநாள் தாங்காது. பழுக்குந் தறுவாயில் மழை பிடித்துக்கொண்டால் வெடித்து அழுகிப்போம். அந்நிலையில் வியாபாரி கேட்ட விலைக்கே கொடுத்தாக வேண்டும். சந்தைக்கு விரைவிற் செல்ல வழியில்லாத ஊரார் இதனை மட்டுமே நம்பி முதல் போடுதல் உசிதமன்று.

விதையில்லாத தாம்சன் வகைக்கு விலை அதிகம். மகசூலோ ஹெக்டேருக்கு 15 டன் அளவேயாகும். இது அடிச்சாம்பல் நோய்க்கு எளிதில் இரையாகும். கையிற் பணமும், நாள்தோறும் பந்தலைச் சுற்றிவரும் பொறுமையும் உடையவர்க்கே இது தகும். அனாப்-இ-ஷாஹி பெரிய காய்களைத் தருவது; 20 டன் வரை கொடுக்கும். பச்சைத் திராட்சை 40 டன் அளவும் காய்க்கும். பெங்களூர் நீலம் ரசம் பிழிதற்கு ஏற்றது. (கேக்கிலிடும் ‘கரன்ட்’ என்னும் சிறு கறுப்பு வற்றல், கிரேக்க நாட்டுக் கொரிந்து நகரின் பெயரால் வழங்கும் விதையில்லாத சிறு திராட்சையேயாம். பன்னீர் வகையில் விதையிருப்பதால் அது அவ்விதம் பயன்படாது.)

தண்ணீர் தேங்காத நிலமே வேண்டும். உவர் நிலம் ஆகாது. பன்னீர் வகைக்கு 3 மீட்டருக்கு 2 மீட்டரும், மற்றவற்றிற்கு 4 மீட்டருக்கு 3 மீட்டரும் இடைவெளி விடுக. வேர்பிடித்த தண்டுகளை ஜூன், ஜூலை மாதங்களில் நடுவது வழக்கம். தண்டு வெட்டும் கொடி, தொடர்ந்து நன்றாய்க் காய்த்துவரும் கொடிதானா என்பதைக் கண்ணாற் கண்டறிந்தே வாங்குதல் வேண்டும். வண்டியில் வந்திறங்குங் கட்டுகளைப் பெயரை நம்பி வாங்கலாகாது.

கவாத்தும் வகைக்கேற்ப வேறுபடும். பன்னீருக்கு இரண்டு மொட்டும், பச்சை, அனாப்-இ-ஷாஹி, பெங்களூர் நீலம் ஆகியவற்றிற்கு நான்கும், தாம்சனுக்கு ஐந்தும் விட்டு வெட்டுவர். மெலிந்த கிளைகளில் ஒன்றிரண்டு மொட்டு விட்டாற் போதும். டிசம்பர், ஜனவரியில் வெட்டினால் ஏப்ரல், மே மாதங்களிற் பழம் வரும். மே, ஜூனில் வெட்டினால் ஆகஸ்ட், செப்டம்பரில் வரும். ஒரூரிலுள்ள பந்தல்களெல்லாம் ஒரே வாரத்திற் கவாத்தானால் பழமும் ஒரே வாரத்தில் வந்து குவியும். விலை விழுவதற்கு வேறு காரணந் தேடவேண்டியதில்லை. ஊர்ப் பெரியவர்களும் கிராம அலுவலர்களும் தோட்டக்காரர்களைக் கூட்டி, முறைவைத்துச் சிறிது முன்பின்னாக வெட்டச் செய்தால் அனைவர்க்கும் நலமுண்டாகும்.

மழைக்காலத்துத் தளிர்களைக் காக்க ஒரு சத போர்டோ கலவை ஏற்றது. மயில் துத்தம் 1 கிலோவைப் பாதித் தண்ணீரிலும், நீற்றாத சுண்ணாம்பு 1 கிலோவைப் பாதியிலும் தனித்தனியே கரைத்து, துத்த நீரைச் சுண்ணாம்பு நீரிற் கலக்கிக்கொண்டே ஊற்றி 100 லிட்டராக்குக. இரும்புப் பாத்திரம் கூடாது. துலக்கிய இரும்புக் கத்தியைக் கலவையில் தோய்த்துப் பார்க்க, அதிற் செம்பு படிந்தால் இன்னுஞ் சிறிது சுண்ணாம்பு சேர்த்தல் வேண்டும். கலக்கிய கலவையை அன்றே தெளித்துவிட வேண்டும். மறுநாளைக்கு வைத்திருந்தாற் பயன்படாது.