உஷார்! சர்வர் விழுந்தால் எழ எத்தனை மணி நேரம்?

கரையில் ஏலம் முடிந்ததும் காசுக்குப் பதில் செல்போனை நீட்டும் புன்னக்காயல் அண்ணாச்சிமாரே, இது உங்களுக்குத்தான்.

2024 ஜூலை 31. நாடு முழுக்கச் சுமார் 300 சிறு வங்கிகளில் யுபிஐ, ஏடிஎம் எல்லாம் முடங்கின. பெரும்பாலும் கூட்டுறவு வங்கிகள், கிராம வங்கிகள். அவற்றுக்குள் யாரும் நேரடியாகப் புகவில்லை. அவற்றுக்குத் தொழில்நுட்பச் சேவை தரும் சி-எட்ஜ் நிறுவனத்தை, கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் ரேன்சம்வேர் தாக்க, தொற்று பரவாதிருக்க யுபிஐயை நடத்தும் என்பிசிஐ அந்த இணைப்பையே துண்டித்தது. மறுநாள் மீண்டது. ஒரு நாள்தானே என்று இருந்துவிடாதீர்கள். 2022 நவம்பர் 23-ல் டெல்லி எய்ம்ஸ் சர்வர்கள் தாக்கப்பட்டபோது, ஏறக்குறைய இரண்டு வாரம் எல்லாம் கையெழுத்திலேயே நடந்தது.

2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. மழை என்று அளந்து சொன்னார்கள். ஆனால் தண்ணீர் எப்போது வடியும், கரன்ட் எப்போது வரும் என்றுதானே நாம் தவித்தோம்? கணினிக்கும் அந்தக் கணக்குதான் முக்கியம். “ஆன்டிவைரஸ் போட்டிருக்கோம்” என்பது பதிலே இல்லை. எவனோ புகுந்துவிட்டான் என்று தெரிய எவ்வளவு நேரம் ஆகும்? வேலை மறுபடி ஓட எவ்வளவு நேரம்? எத்தனை மணி நேரத்து வரவு செலவு அழிந்துபோகும்?

முதல் கேள்வியைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். 2019 அக்டோபர் 29-ல் கூடங்குளம் அணுமின் நிலையம் சைபர் தாக்குதல் செய்தியை மறுத்தது. மறுநாளே அணுமின் கழகம், தன் கணினி ஒன்றில் தீநிரல் இருந்தது உண்மை என்று ஒப்புக்கொண்டது. உலை இயக்கும் வலையமைப்பு தனி, அதற்குப் பாதிப்பில்லை என்றார்கள்; நல்லது. ஆனால் செப்டம்பர் 4-ல் அதைக் கவனித்துச் சொன்னது வெளியாள், மத்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்! அவ்வளவு காவல் உள்ள இடத்திலேயே அப்படி.

பங்குச்சந்தையை ஒழுங்குபடுத்தும் செபி, 2024 ஆகஸ்டில் அதன் அமைப்புகள் தாக்குதலைத் தாங்கி மீளும் திறனை அளக்க ஒரு குறியீட்டெண்ணே வகுத்தது. நம்மூர்க் கூட்டுறவுச் சங்கத்துக்கு அப்படி மார்க் போட யார் வரப்போகிறார்கள்? பேரவைக் கூட்டத்தில் நீங்களே எழுந்து கேளுங்கள். “பேக்கப் இருக்கு” என்றால் விடாதீர்கள். அதிலிருந்து கடைசியாக என்றைக்கு எல்லாவற்றையும் மீட்டுப் பார்த்தார்கள் என்று தேதி கேளுங்கள். சர்வரோடு எந்நேரமும் இணைந்தே கிடக்கும் பேக்கப்பையும் ரேன்சம்வேர் சேர்த்தே பூட்டிவிடக்கூடும்.

சரியான பதில் கிடைக்கும்வரை, டீசலுக்கும் ஐஸுக்கும் வேண்டிய ரொக்கத்தை வீட்டில் தனியாக எடுத்து வையுங்கள். பாஸ்புக்கை இந்த வாரமே பதிந்து வாங்குங்கள்.